ஒரே தட்டில் எல்லாப் பிள்ளையும் கை வைக்கட்டும்: பிக் மட்ச் விருந்தும் சொக்லேட்டில் தோய்த்த பழமும்

 

பிக் மட்ச் காலம் வந்தால் எங்கள் பக்கத்து வகுப்பறைகளில் பாடம் நடப்பதே பெரும்பாடு. யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டிலிருந்து மோதிவரும் 'வடக்கின் பெருஞ்சமர்' மூன்று நாள் ஆட்டம். அதையொட்டி சென் பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடும் 'பொன் அணிகளின் போர்'. ஆடுகிறவர்கள் வேறு பாடசாலைப் பிள்ளைகள் என்றாலும், அண்ணன் ஒரு பக்கம், மச்சான் மறுபக்கம் என்று எங்கள் பிள்ளைகளும் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். இது நல்ல விஷயம். படிப்பு, ரியூசன், மறுபடி படிப்பு என்று ஓடும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வாரம் வேண்டும்.

நாங்கள் எழுத வந்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல, ஆட்டத்தையொட்டி வீடுகளிலும் வகுப்புகளிலும் வைக்கும் விருந்தைப் பற்றி. முன்பு ரோல்ஸ், பற்றிஸ், ஒரு சோடாவோடு முடிந்த விஷயம் இது. இப்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துவிட்டு, சொக்லேட்டில் தோய்த்த ஸ்ட்ரோபெரிதான் வேண்டும் என்கிறார்கள். அதன் மேல் வெள்ளைச் சொக்லேட்டால் பந்தின் தையல் மாதிரிக் கோடு போட வேண்டுமாம். உடனே வட்ஸ்அப் குழுவில் "ஒரு பிள்ளைக்கு இவ்வளவு காசு" என்று ஒரு செய்தி வந்து விழுகிறது.

சொக்லேட்டில் பழம் தோய்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. கேக்கையும் ஐசிங்கையும் விட அது நல்லதே. பழத்தைத் தொடாத பிள்ளையும் அப்படிக் கொடுத்தால் இரண்டு துண்டு சாப்பிடும். ஆனால் அந்தத் தட்டை மேசையில் வைக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதை யார் சாப்பிட முடியும்? இதற்கு யார் காசு கொடுத்தார்கள்? இதை யார் செய்தார்கள்?

முதல் கேள்வியை எடுப்போம்.

பிக் மட்ச் வருவது மாசி, பங்குனியில். அந்த நாட்களில் எங்கள் ஊரில் யாரோ ஒருவர் விரதத்தில்தான் இருப்பார். சைவ வீடுகளில் சிவராத்திரியும் வெள்ளிக்கிழமை விரதமும். கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம். இனிப்பைத் தவிர்ப்பதாக நேர்ந்துகொண்ட பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். முஸ்லிம் வீடுகளில் அண்மைய வருடங்களாக நோன்பும் இந்தக் காலத்தையொட்டியே வருகிறது. 2024 இல் மார்ச் 12 இல் தொடங்கிய நோன்பு, 2025 இல் மார்ச் 2 இல் தொடங்கியது. பிறைக் கணக்கு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே போவதால் இன்னும் சில காலத்தில் இது மாசிக்கும் தைக்கும் நகர்ந்துவிடும். ஆனால் விளையாட்டு விழாவும் நோன்பும் சந்திக்கும் நாள் ஏதோ ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வரும்.

அப்படி ஒரு நாளில் வகுப்பில் இருக்கும் ஒரேயொரு நோன்பாளிப் பிள்ளையை என்ன செய்வது? இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, "நீ வேணுமெண்டால் வெளியில போய் இரு மகன்" என்பது. மற்றது, "பாவம், அந்தப் பிள்ளைக்காக விருந்தையே நிப்பாட்டுவம்" என்பது. இரண்டும் அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனால் முதலாவது பிள்ளையைத் தனிமைப்படுத்துகிறது. இரண்டாவது, முப்பத்தைந்து பிள்ளைகளின் கோபத்தை ஒரு பிள்ளையின் தலையில் வைக்கிறது. நோன்பு பிடிக்கும் பிள்ளைக்கு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்ப்பது பெரிய கஷ்டமில்லை. தன்னைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் கஷ்டம்.

இதற்கு வழி மிகச் சுலபம். பங்கு பிரிக்கும்போது அந்தப் பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து, ஒரு சிறிய பெட்டியில் வைத்து, பெயர் எழுதி, குளிரில் வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மாலை ஆறரைக்குச் சற்று முன் பாங்கு சொன்னதும் நோன்பு திறந்துவிட்டு, தம்பி தங்கச்சியோடு சாப்பிடட்டும். வகுப்பில் மற்றவர்கள் சாப்பிடும்போது ஸ்கோர் எழுதும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். "ஒண்டே ஒண்டு சாப்பிடன், ஆருக்கும் தெரியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். தவக்காலப் பிள்ளைக்கும் இதே மரியாதை வேண்டும்.

அடுத்து ஹலால். 2013 இல் இந்த நாட்டில் ஹலால் முத்திரை எவ்வளவு பெரிய சர்ச்சையானது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் ஒரு சின்ன உண்மை மறைந்து போனது. சொக்லேட் பொதியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் முஸ்லிம் உம்மாவும், அதே பொதியைத் திருப்பிப் பார்க்கும் சைவ அம்மாவும் தேடுவது பெரும்பாலும் ஒன்றைத்தான்.

ஜெலற்றின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. மாஷ்மெலோவிலும் சில ஜெலி இனிப்புகளிலும் இருக்கும். சைவப் பிள்ளைக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது. ஈ 120 என்ற சிவப்பு நிறம் ஒருவகைப் பூச்சியிலிருந்து வருவது. ஈ 471 என்ற கொழுப்புச் சேர்க்கை தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். இலக்கத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஈ 322 என்பது லெசித்தின், சொக்லேட்டில் பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. உள்ளே மதுச் சாரம் நிரப்பிய வெளிநாட்டுச் சொக்லேட்டுகளும் உண்டு; விமான நிலையத்திலிருந்து வரும் பெட்டிகளில் கவனம் தேவை.

ஆகவே முத்திரை பற்றிய வாக்குவாதம் எதுவும் வேண்டாம். சாதாரணச் சமையல் சொக்லேட் கட்டி ஒன்றை, பொதியைக் கழற்றாமல் பிள்ளைகளுக்குக் காட்டி, எல்லாரும் பார்த்த பின் உருக்குங்கள். பழமும் அந்தச் சொக்லேட்டும் மட்டுமென்றால் சைவம், ஹலால் இரண்டும் ஒரே தட்டில் தீர்ந்துவிடும். கேக்கில் முட்டை, ரோல்ஸில் இறைச்சி என்று மூன்று தட்டு வைக்கும் தலையிடி இல்லை. ஆட்டநாள் விருந்துக்குத் தோய்த்த பழத்தை நாங்கள் சிபாரிசு செய்வதன் முதற்காரணம் இதுதான்.

இதில் வரலாறு ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று புலிகளின் கட்டளையால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதுமாக 70,000 பேருக்கு மேல். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, உடுவில் உட்பட வலிகாமமே ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்று இரு தரப்புக்கும் தெரியும். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள், பக்கத்து வீட்டிலிருந்து பெருநாள் வட்டிலப்பமோ தைப்பொங்கலோ கிறிஸ்மஸ் கேக்கோ வந்து போவதைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள். "அவையள் இதைச் சாப்பிடுவினமோ?" என்ற கேள்விக்கு முன்பு பாட்டிமாருக்குப் பதில் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்கவும் கூச்சம். வகுப்பு விருந்து இந்தக் கூச்சத்தைப் போக்கும் இடம். அதை நாங்கள் சும்மா தின்று முடிக்கும் விஷயமாகப் பார்க்கவில்லை.

இரண்டாவது கேள்வி, காசு.

உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்காபிரிக்க நாடுகளிலிருந்துதான் வருகிறது. அங்கே காலநிலையும் மரநோயும் சேர்ந்து அடித்ததில், பல வருடங்களாக ஒரு தொன் 2,500 டொலர் அளவில் இருந்த கொக்கோ விலை 2024 டிசம்பரில் 12,000 டொலரைத் தாண்டியது. அதன் பின் இறங்கினாலும், கடைத் தட்டில் ஒருமுறை ஏறிய விலை அப்படியே இறங்குவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். இன்னொன்றும் பிள்ளைகள் அறிய வேண்டும். அந்த இரு நாடுகளிலும் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர்கள் கொக்கோத் தோட்ட வேலையில் இருப்பதாக, சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்க் நிறுவனத்தின் ஆய்வு 2020 இல் சொன்னது. சொக்லேட்டைத் தடித்த பூச்சாகப் பூசாமல் மெல்லிதாகத் தோய்ப்பதற்கு, பற்சூத்தையும் சீனி வருத்தமும் தவிர, இதுவும் ஒரு காரணம். மாத்தளை, கண்டிப் பக்கங்களில் கொக்கோ விளைகிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஸ்ட்ரோபெரி நுவரெலியாக் குளிரில் விளைந்து, பெட்டியில் அடைத்து, பஸ்ஸிலோ லொறியிலோ இங்கே வந்து சேர்வதற்குள் பாதி நசிந்துவிடும், விலையும் ஏறிவிடும். தலைக்கு இவ்வளவு என்று காசு சேர்த்தால் அதைக் கொடுக்க முடியாத பிள்ளை என்ன செய்யும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பாடசாலைக்கு வராது. அடுத்த நாள் "காய்ச்சல்" என்று கடிதம் வரும். இது ஒரு பாடசாலைக் கதை அல்ல, எங்கும் நடப்பது. தோட்டக் கூலிக்குப் போகும் தகப்பனின் பிள்ளைக்கும், கனடாவில் மாமா இருக்கும் பிள்ளைக்கும் விருந்து ஒன்றுதான். கட்டணம் வைத்து அதை இரண்டாக்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

காசுக்குப் பதில் பழம் கேளுங்கள். மருதனார்மடம் சந்தை காலடியில் இருக்கிறது. நல்ல இதரைக் குலை கிடைக்கும்; நீர்வேலி வாழை எங்கே போனாலும் பெயர் சொல்லும். உடுவில், இணுவில், கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல்கள் இன்னும் இருக்கின்றன. யாருடைய வளவில் என்ன பழுத்ததோ அதைக் கொண்டு வரட்டும். ஒன்றும் இல்லாத பிள்ளை பிடி எள்ளோ கச்சானோ கொண்டு வரட்டும், அதுவும் தேவைதான். மட்ச் நடக்கும் பங்குனியில் கறுத்தக்கொழும்பானைத் தேடாதீர்கள், அதன் காலம் வைகாசிக்குப் பிறகுதான்.

தோய்ப்பதற்கு எது நல்லது என்பதை அனுபவத்தில் சொல்கிறோம்.

பேரீச்சம்பழம் முதலிடம். ஈரம் குறைவு, சொக்லேட் உடனே பிடிக்கும், வியர்க்காது. கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே வறுத்த கச்சான் இரண்டு வைத்துத் தோய்க்கலாம். நோன்பு காலத்தில் எங்கள் வீடுகளில் எப்படியும் இருக்கும் பழம் இது. வகுப்புக்கு எங்கள் பங்காக இதையே கொடுக்கலாம்.

இதரை வாழைப்பழம் நன்றாகக் கனியாமல், சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, ஐஸ்பழக் குச்சி குத்தி, இரண்டு மணி நேரம் உறையவிட்டுத் தோய்த்தால், சொக்லேட் பட்டவுடனேயே இறுகிவிடும்.

முந்திரிகைப்பழத்தைக் கழுவி, துணியால் ஒற்றி, காற்றில் முழுதாக உலரவிட வேண்டும். வெள்ளைச் சொக்லேட்டால் தையல் கோடு போட்டால் பந்து மாதிரியே வடிவாக இருக்கும். ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழு முந்திரிகைப்பழம் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

பினாட்டை மறந்துவிடாதீர்கள். பனம்பழக் களியை வெயிலில் காயவைத்து எடுக்கும் அந்தப் பினாட்டை விரல் அகலத்தில் நறுக்கி, பாதியைச் சொக்லேட்டில் தோய்த்துப் பாருங்கள். பனங்களியின் இலேசான கசப்பும் சொக்லேட்டின் கசப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பினாட்டை முகர்ந்தும் பார்க்காத பிள்ளைகள் கூட இப்படிக் கொடுத்தால் இன்னொரு துண்டு கேட்பார்கள். தர்ப்பூசணி, அன்னாசி, பப்பாப்பழம் தோய்ப்புக்குச் சரிவராது. நீர் விட்டுச் சொக்லேட் கழன்றுவிடும். அவற்றைச் சும்மா வெட்டிப் பக்கத்தில் வையுங்கள்.

சொக்லேட்டுக்கு ஒரேயொரு பகை தண்ணீர். ஒரு சொட்டு விழுந்தாலும் உருகியது திரண்டு மண் மாதிரி ஆகிவிடும். கட்டியைச் சிறிதாகச் சீவி, உலர்ந்த கிண்ணத்தில் போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது, தண்ணீர் கொதிக்கவும் கூடாது. தடிப்பாக இருந்தால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடலாம், பால் விடாதீர்கள்.

அசல் சொக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் 34 பாகை அளவில் உருகிவிடும். நம்முடைய பங்குனி மத்தியானம் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. அதனால் பிள்ளைகள் செய்வதற்கு, தாவரக் கொழுப்பில் செய்த சமையல் சொக்லேட்டே வசதி. அது தானாகவே இறுகும், வெயிலையும் சற்றுத் தாங்கும். அரைக் கிலோக் கட்டி இருந்தால், பாதிப் பழத்தை மட்டும் தோய்க்கும் கணக்கில், அறுபது எழுபது துண்டு வரும். ஒரு வகுப்புக்கு ஆளுக்கு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கலாம், ஆகவே கச்சான் போட்டதைத் தனித் தட்டில் வையுங்கள். மைதானத்துக்குக் கொண்டு போவதானால் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் களிதான் மிஞ்சும்.

மூன்றாவது கேள்வி, யார் செய்வது?

பெரும் சமர் என்றால் பொடியன்மார் கொடி பிடித்துப் பாண்ட் அடிப்பார்கள். அம்மாவும் அக்காவும் தங்கச்சியும் குசினியில் நிற்பார்கள். இது மாற வேண்டும். 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென்று விடுதிப் பாடசாலை தொடக்கிய ஊர் இது. ஆசியாவின் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்று. இருநூறு வருடம் பெண்களைப் படிப்பித்த ஊரில், ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் சொக்லேட் உருக்கப் பழக்குவது பெரிய காரியமா? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளைச் செய்து கொடுப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியிருக்கிறது. எங்கள் பொடியன்மாருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். தோய்ப்பதற்குக் கத்தியும் பெரிய நெருப்பும் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். நோன்பாளிப் பிள்ளையும் சேர்ந்து தோய்க்கலாம். ருசி பார்க்கும் வேலையை மட்டும் நோன்பில்லாதவரிடம் விட்டுவிடுங்கள், அதற்கு ஆள் தட்டுப்பாடு வராது.

இதற்கு வரும் மறுப்பு எங்களுக்குத் தெரியும். "ஒண்டு ரெண்டு பிள்ளைக்காக எல்லாரும் மாற வேணுமோ?" என்பார்கள். மாறச் சொல்லவில்லை. இந்தத் தட்டில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. பழமும் சொக்லேட்டும் எல்லாருக்கும் விருப்பம். "விருந்தில போய் இவ்வளவு யோசிக்க வேணுமோ?" என்பவர்களும் உண்டு. வீட்டுக்கு ஆள் வந்தால் சாப்பிடுவாரா, விரதமா, சீனி வருத்தமா என்று கேட்டுத்தான் நாங்கள் தேத்தண்ணி ஊற்றுகிறோம். பிள்ளைகளின் விருந்துக்கு அந்த அளவு யோசனை போதும். ஒரு வகுப்பில் இன்று ஒரு முஸ்லிம் பிள்ளை; கொழும்பிலோ ரொறொன்ரோவிலோ உங்கள் பிள்ளை நாளை அந்த ஒரேயொரு பிள்ளையாக இருக்கும். அங்கே யாராவது அதன் பங்கைப் பெயர் எழுதி எடுத்து வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஆகவே வகுப்பாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

1. தலைக்கு இவ்வளவு என்று காசு சேர்க்க வேண்டாம். இயன்றதைப் பொருளாகக் கொண்டு வரட்டும், யார் என்ன கொண்டு வந்தார் என்று எழுத வேண்டாம்.
2. சொக்லேட் பொதியைப் பிள்ளைகளுக்கு முன்னால் வாசித்துவிட்டு உருக்குங்கள்.
3. விரதம், நோன்பு, தவக்காலப் பிள்ளைகளின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள்.
4. ஆண்பிள்ளைகளும் கழுவி, துடைத்து, தோய்த்து, பிறகு பாத்திரத்தையும் கழுவட்டும்.
5. பழம் நம் சந்தையிலும் நம் வளவிலும் இருந்து வரட்டும்.

மத்தியா, பரியோவானா என்பதில் எங்கள் வீட்டிலேயே ஒற்றுமை இல்லை, அதனால் அந்தக் கதைக்கு நாங்கள் வரவில்லை. உங்கள் வகுப்புகளில் வேறு நல்ல வழி இருந்தால் கீழே எழுதுங்கள். பினாட்டு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள், பல வீடுகளில் கேட்கிறார்கள்.

பிள்ளைகள் சந்தோஷமாக ஆடட்டும், வெயிலில் தண்ணீர் குடித்துக்கொண்டு பார்க்கட்டும். நோன்பாளிகள் நிழலில் இருந்து பார்க்கட்டும். அல்லாஹ் எல்லாருக்கும் நல்லருள் புரிவானாக.